எலி மஜ்ஜையா, ஏபிள் செல் லைனா?

ஆன்டிபாடி சுரக்கும் ரத்த வெள்ளையணுவான பி செல், ஆன்டிபாடி ஜீனை எப்போது வெட்டி ஒட்டத் தொடங்குகிறது, எது அதை அடக்கி வைக்கிறது? சென்னையில் எங்கள் லேபில் இதைப் பார்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ப்ரோ-பி செல்களை (பி செல்லின் ஆரம்பநிலை) எடுத்து ஐஎல்-7 என்ற வளர்ச்சிப் புரதம் ஊட்டி வளர்ப்பது. இன்னொன்று, ஏபெல்சன் என்ற எலி வைரஸால் ஓயாமல் பெருகும்படி ஆன ப்ரோ-பி செல் லைன், சுருக்கமாக ஏபிள் லைன். நாங்கள் செல் லைன் பக்கம் சாய்ந்தோம்.

மலிவு, கிரிஸ்பரில் ஜீனை முடக்குவது சுலபம் என்பதெல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதிலுள்ள சுவிட்ச். வைரஸின் ஏபிள் கைனேஸ் (செல்லைப் பெருக வைக்கும் நொதி) ஓடும்வரை ரேக் புரதங்கள் (ஆன்டிபாடி ஜீனை வெட்டுபவை) அடங்கிக் கிடக்கும். இமாட்டினிப் (சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் சாப்பிடும் அதே மருந்துதான்) சேர்த்தால் கைனேஸ் நிற்கும், ஜீன்களை இயக்கும் ஃபாக்ஸ்ஓ1 புரதம் நியூக்ளியஸுக்குள் போகும், ரேக்1, ரேக்2 இரண்டும் கிளம்பும், கப்பா லைட் செயின் (ஆன்டிபாடியின் சிறிய சங்கிலி) ஜீனில் வெட்டு விழும். செல்லும் டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்திலேயே நின்றுவிடும். அது நமக்குச் சாதகம்: நகலெடுக்கும் எஸ் கட்டத்துக்குள் நுழைந்தால் ரேக்2வின் 490ஆவது அமினோ அமிலமான த்ரியோனினில் பாஸ்பேட் ஏறி, அந்தப் புரதமே அழிக்கப்பட்டுவிடும். டிஎன்ஏ நகலெடுக்கும் நேரத்தில் வெட்டுகள் திறந்து கிடக்காமலிருக்க செல் வைத்திருக்கும் காவல் இது. லைனில் செல் சாவைத் தடுக்கும் பிசிஎல்2 ஜீன் ஏற்றியிருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் மருந்து பட்டதும் செல்கள் சாகும்.

மஜ்ஜை செல்லில் ஐஎல்-7ஐ எடுத்தாலும் அதன் செய்தியைக் கடத்தும் ஸ்டாட்5 புரதம் விலகி கப்பா ஜீன் திறக்கும். ஆனால் அந்த செல்கள் அதிக நாள் தாங்காது.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். ரேக் ஜீன் நீக்கிய எலியை வளர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: அதற்கு முதிர்ந்த பி செல்லும் கிடையாது, டி செல்லும் கிடையாது. சாதாரணக் கிருமியே அதற்கு எமன். வடிகட்டிய காற்று வரும் கூண்டு, சித்திரை வெயிலிலும் நிற்காத ஏசி, ஜெனரேட்டர், விலங்கு நெறிக் குழு அனுமதி, ஒவ்வொரு ஈற்றுக்கும் ஜீனோடைப்பிங் என்ற ஜீன் சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நிலையில் ஒரு எலி அறையை யோசித்துப் பாருங்கள். செல் லைனோ திரவ நைட்ரஜன் குடுவையில் கரண்டே இல்லாமல் கிடக்கும்; நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எலி அறையை நான் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி, நடத்தியதில்லை. நடத்தியவர்களைக் கேட்டால் பட்டியல் இன்னும் நீளும்.

ஹெவி செயின் (ஆன்டிபாடியின் பெரிய சங்கிலி) என்று வந்தால் மட்டும் எங்கள் லைன் சறுக்குகிறது. எலியில் அந்த ஜீன் பகுதி ஏறக்குறைய 30 லட்சம் பேஸ் நீளம். இயல்பான ப்ரோ-பி செல்லில் பாக்ஸ்5 என்ற புரதம், டிஎன்ஏவிலிருந்து கோஹிசினைக் கழற்றிவிடும் வேப்பல் புரதத்தைக் குறைத்து வைக்கிறது. அதனால் கோஹிசின் (டிஎன்ஏவை வளையமாக இழுக்கும் புரதம்) நீண்ட வளையங்களை இழுத்து, தூரத்து வி துண்டுகளையும் (வெட்டி ஒட்டப்படும் ஜீன் துண்டுகளில் ஒரு வகை) ரேக் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஏபிள் லைனில் அந்த ஜீன் பகுதி இப்படிச் சுருங்குவதில்லை. பெரும்பாலும் பக்கத்து வி துண்டுகளே சேர்கின்றன. வேப்பலைக் குறைத்தால் தூரத்துத் துண்டுகளும் வருகின்றன என்று 2021இல் அமெரிக்க நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஃப்ரெடரிக் ஆல்ட் குழு காட்டியது. அது செயற்கையாகச் சரிக்கட்டுவதுதான். உங்கள் கேள்வியே தூரத்து வி பற்றியது என்றால் எலி இல்லாமல் தீராது. அதற்காகக் காலனி தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எலி வளர்க்கிற லேபோடு கூட்டுச் சேர்ந்து மஜ்ஜையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.