அபாகஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சின்னப் பிள்ளைகளை அபாகஸ் என்னும் மணிச்சட்டக் கணக்கு வகுப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். "மனப்பாடமே கிடையாது சார், புரிய வைச்சிடுவோம்" என்று சொல்லித்தான் எங்களிடம் பணம் வாங்கினார்கள். லெவலுக்கு 4,500 ரூபாய். பை, டி-சர்ட்டுக்குத் தனி.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு முதல் லெவல் சான்றிதழும் வந்தது. எண்களை வரிசையாகச் சொன்னால் மணியைத் தள்ளுவதுபோல் காற்றில் விரலை ஆட்டி டக்கென்று விடை சொல்வான். ஆனால் பள்ளி நோட்டில் 42-இல் 17 போக 35 என்று எழுதியிருந்தான்.

"ரெண்டுல ஏழு போகாதுல்லப்பா, அதான் ஏழுல ரெண்டைக் கழிச்சேன்."

அதையே அபாகஸில் போடச் சொன்னால் 25 என்கிறான். "ஏழுக்கு பிக் ஃப்ரெண்ட் மூணு. பத்தை எடுத்துட்டு மூணு போடணும்." ஓர் எண்ணோடு சேர்ந்து பத்தாகும் எண்ணைத்தான் அங்கே பிக் ஃப்ரெண்ட் என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "மிஸ் அப்படித்தான் சொன்னாங்க." ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருகிறதே என்று அவனுக்கு உறைக்கவே இல்லை.

போய்க் கேட்டோம். "அடுத்த லெவல்ல தானா புரிஞ்சிடும் சார்." அதற்கு முன்பணமாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கட்டிய பணம் திரும்பாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அபாகஸ்மேல் குறையில்லை. ஒவ்வொரு கம்பியிலும் மேலே உள்ள ஒற்றை மணியின் மதிப்பு ஐந்து, கீழே உள்ள நான்கு மணிகள் ஒவ்வொன்றின் மதிப்பும் ஒன்று, பத்தானால் இடப்பக்கக் கம்பிக்குப் போகும். இடமதிப்பைக் கண்ணால் காட்டவே செய்த மாதிரி இருக்கும் கருவி. அதையும் ஒப்பிக்க வைத்துவிட்டார்கள்.

கடைசியில் விளங்க வைத்தது என் அம்மாதான். அவன் கையில் நான்கு பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, "அப்பத்தாவுக்குப் பதினேழு ரூவா குடுடா ராசா" என்றார். ஒரு பத்தைக் கொடுத்தான். இன்னும் ஏழு வேண்டும், காசு இரண்டுதான். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு இன்னொரு பத்தையும் நீட்டி, "மீதி மூணு குடுங்க அப்பத்தா" என்றான். எண்ணினால் 25. அந்த பிக் ஃப்ரெண்ட் வேறொன்றுமில்லை, கடையில் வாங்கும் மீதிச் சில்லறைதான்! இதைச் சொல்லித்தர அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

விஜயதசமிச் சேர்க்கைக்கு இப்போதே நோட்டீஸ் கொடுக்கிறார்கள். மேடையில் நடத்தும் டெமோவைப் பார்த்து மயங்காதீர்கள். எங்களுக்குக் காட்டிய கணக்கெல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் அப்படியே இருந்தவை. சாதாரண வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் கிளம்பிவிடுங்கள். பணம் கட்டுவதாக இருந்தால் ரசீதைத் திருப்பிப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.