டிஸ்கஸ் வளர்க்க வீட்டுத் தொட்டி போதுமா? மதுரையில் நாலு வருஷ அனுபவம்

டிஸ்கஸ் என்ற அலங்கார மீனை வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் தொட்டியின் அளவைக் கேட்பதில்லை. தொட்டித் தண்ணீரை மாற்றுவதற்காக வீட்டில் நூறு லிட்டர் டிரம் ஒன்று வைக்க இடம் இருக்கிறதா, அதை வாரம் இரண்டு தடவை நிரப்ப ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்பேன். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு வருஷமாக டிஸ்கஸ் வளர்க்கிறேன். அதில் முதல் ஆறு மாதம் தப்பான தொட்டியில் போனது.

அந்தத் தொட்டி இரண்டரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 106 லிட்டர். மேலே விட்ட இடமும் சரளையும் போக 90 தேறும். மீன் வாங்கிய கடையில், "தாராளமா போதும்க்கா, நாலு விட்டுக்கங்க" என்றார்கள். இரண்டரை அங்குலத்தில் நாலு குட்டிகள் வாங்கினேன். பெரிதானால் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக நிற்கும் என்பதையும், ஒரு மீனுக்கு நாற்பது லிட்டராவது வேண்டும் என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு மீன் ஹீட்டருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. உடம்பு கறுத்து, துடுப்பு ஒடுங்கி, தலை சற்றுக் கீழே சாய்ந்திருந்தது. வெள்ளை நூல் மாதிரி கழிவு தொங்கிக்கொண்டே இருந்தது. தீனி மூக்குக்கு நேரே விழுந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலில் பெரியது அதை முட்டி முட்டி அந்த மூலையிலேயே அடைத்து வைத்திருந்தது. டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். ஐந்தாறு இருந்தால் அடி எல்லாருக்கும் பகிர்ந்து போகும். மூன்று நாலு என்றால் ஒன்றே எல்லாவற்றையும் வாங்கும். அந்த மீன் ஒன்பதாம் நாள் போனது. அடுத்த மாதம் இன்னொன்று. மருந்துக்காக அலைந்தேன். மருந்தைத் தேடிய நேரத்தில் தண்ணீரைச் சோதித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் எங்கள் போர் தண்ணீரைப் பார்த்தபோது 1100 காட்டியது. தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்லும் பி.ஹெச். அளவு 8-ஐத் தொட்டது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டுகிற அதே உப்புத் தண்ணீர்தான். டிஸ்கஸின் பூர்வீகமோ அமேசான் ஆற்றுப் படுகை. ஹெக்கல் என்பவர் 1840-இல் முதன்முதலாகப் பெயரிட்ட இனம் வாழும் ரியோ நீக்ரோ ஆறு கடுங்காப்பி நிறத்தில் ஓடும். உப்பு அநேகமாக இல்லாத, புளிப்புத் தன்மையுள்ள, வெதுவெதுப்பான தண்ணீர். கடைக்கு வரும் டிஸ்கஸ் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தவை என்பதால் அவ்வளவு மென்மையான, அதாவது உப்புக் குறைந்த தண்ணீர் தேவையில்லை. ஆனாலும் 1100 வேறு உலகம். இன்னொரு ஆபத்தும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.ஹெச். ஏற ஏற, சூடு ஏற ஏற, அதிக விஷமாகிறது. நம் ஊர்த் தண்ணீரில் இரண்டும் ஏறித்தான் கிடக்கிறது.

இரண்டாவது தொட்டியை நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரத்தில் செய்தோம். முழுக் கொள்ளளவு 340 லிட்டர். தண்ணீர் மட்டுமே 340 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. தரைத்தளம் என்பதால் துணிந்தோம். மாடி வீடாக இருந்தால் கட்டட வேலை தெரிந்தவரைக் கேட்காமல் வைத்திருக்க மாட்டேன். மிஞ்சிய இரண்டு மீனைப் பழைய தொட்டியிலேயே விட்டுவிட்டு, புதியதை ஆறு வாரம் மீன் விடாமல் ஓட்டினோம். பில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான், அந்த இரண்டோடு புதிதாக நாலு சேர்த்து ஆறாக விட்டேன்.

இப்போது நடக்கிற முறை இது. நீல டிரம்மில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் 80 லிட்டர், 20 லிட்டர் போர் தண்ணீர். கலந்தால் டி.டி.எஸ். 250 வரும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது. அதில் தாங்கிப் பிடிக்க உப்பே இல்லாததால் பி.ஹெச். திடீரென்று சரிந்துவிடும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் மணிக்கு 12 லிட்டர் தருகிறது, ஆக 80 லிட்டருக்கு ஏழு மணி நேரம். வெளியேறும் கழிவுத் தண்ணீர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதைப் பார்த்து எங்கள் அத்தைக்கு மனசு ஆறவில்லை. "ஏம்மா, குடிக்கிற தண்ணிக்கே அலையிற ஊருல இப்படியா?" என்றார். அது நியாயமான கேள்வி. இப்போது அந்தத் தண்ணீர் வாசல் தெளிக்கவும் கழிவறைக்கும் தரை துடைக்கவும் போகிறது. அத்தைதான் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறார். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நாளில் மீட்டர் 200 சொச்சம்தான் காட்டும். அன்றைக்கு ஆர்.ஓ. வேண்டாம், குளோரின் போக மருந்து விட்டு, இரவு முழுக்கக் காற்று ஓட விட்டு எடுத்துக்கொள்வேன்.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியில் இருக்கும் மீன், அதனால் மதுரைக்குப் பொருத்தம் என்று நினைப்பது பாதிதான் சரி. சித்திரைத் திருவிழா முடிந்து அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் எங்கள் கூடத்தில் தொட்டித் தண்ணீர் 33-ஐத் தாண்டியது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. மீன்கள் மேலே வந்து வேகவேகமாக மூச்சு வாங்கின. மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பியதில் மூன்று டிகிரி இறங்கியது. அப்படி ஆவியாகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். தண்ணீர் போனாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். மார்கழியில் கதை தலைகீழ், ஹீட்டர் கட்டாயம். 300 வாட் ஒன்றுக்குப் பதில் 150 வாட்டில் இரண்டு போட்டிருக்கிறேன். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது.

பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது. அன்றைக்கு இன்வெர்ட்டரில் ஏர் பம்பும் ஸ்பாஞ்ச் பில்டரும் மட்டும் ஓடும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் பில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மறுபடி போடுவேன்.

மூன்றாவது வருஷம் ஒரு ஜோடி சேர்ந்தது. மானாமதுரை மண் கலயம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதன் மேல் வரிசை வரிசையாக முட்டை. இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்ததை இரவு ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் எல்லாம் வெளுத்துப்போனது. டி.டி.எஸ். 250 என்பது வளர்க்கப் போதும்; முட்டை பொரிக்க இன்னும் மென்மையான தண்ணீர் வேண்டும். குஞ்சு பிறந்தால் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான் தின்று வளரும். அதை என் தொட்டியில் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

போன மாதம் திருநகரில் இருக்கும் சித்தி மகள் கேட்டாள். வீட்டில் இரண்டு அடித் தொட்டி, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். "மீன் வாங்காத. ஒரு மாசம் டிரம்மை மட்டும் வாரம் ரெண்டு வாட்டி நிரப்பி, செடிக்கு ஊத்திப் பாரு" என்றேன். மூன்றாவது வாரம் அழைத்தாள். "முடியலக்கா. ஆனா தொட்டி காலியா கெடக்குறது கஷ்டமா இருக்கு."

அவளுக்கு மோலி, பிளாட்டி என்ற சின்ன மீன்களைச் சொன்னேன். குளோரின் இல்லாத போர் தண்ணீர் அவற்றுக்கு அப்படியே ஒத்துக்கொள்ளும்.