கேமரா கண்ணாடி: ஒரு கல்யாண போட்டோகிராபரின் மதிப்பீடு

₹29,900 கொடுத்து வாங்கிய கேமரா கண்ணாடியை (கேமராவும் மைக்கும் பதித்த, பாட்டும் கேட்கக்கூடிய மூக்குக்கண்ணாடி) இரண்டு முகூர்த்தங்களுக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விருதுநகரில் 22 ஆண்டுகளாகக் கல்யாணம் எடுக்கிறவன் நான்.

பகலில் படம் பளிச்சென்று இருக்கிறது. மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் 12 மெகாபிக்சலும் மங்கிப்போகிறது. வீடியோ நெட்டுவாக்கில் மட்டும்தான் விழும், அதுவும் ஒரு தடவைக்கு 3 நிமிடம். ஐயர் சங்கல்பம் முடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. ஆனால் காதில் விழாத பேச்சைக்கூட அதன் 5 மைக்குகள் அள்ளிக்கொண்டு வந்துவிடுகின்றன.

பதிவாகும்போது ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு எரியும். அதை மூடிவிட்டுப் பதிவைத் தொடங்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். சீரியல் செட் மினுக்கும் மண்டபத்தில் அதை யார் கவனிப்பார்கள்? கேமராவைத் தூக்கினால் பெரியம்மாக்கள் முந்தானையைச் சரிசெய்வார்கள், மாமாக்கள் வயிற்றை உள்ளிழுப்பார்கள். கண்ணாடிக்கு ஒருவரும் அசையவில்லை. முதலில் எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது.

இரவு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். பந்திக்குப் பின்னால், பெண்ணின் அப்பா சமையல்காரரிடம் "மீதியை வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன்" என்று கைகூப்பி நிற்கிறார். (எனக்கும் வெள்ளிக்கிழமைதான் சொல்லியிருந்தார்.)

அவருக்குத் தெரியாமல் இப்படி எடுத்தது தப்பா என்று, வக்கீலாக இருக்கும் அண்ணன் மகளைக் கேட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாமல் படமெடுத்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. கைகூப்பியது அதில் வராது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் சொந்த உபயோகத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வதைத் தொடாது.

"உங்களுக்கு அது தொழில், சித்தப்பா. சொந்த உபயோகம் என்று நீங்கள் சொல்ல முடியாது" என்றாள்.

"கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி எடுத்திருந்தால்?"

"வீட்டில் வைத்துப் பார்க்கிறவரை அவரை அந்தச் சட்டம் கேட்காது."

அந்தப் பதிவு கண்ணாடியில், போனில், கம்ப்யூட்டரில் என்று மூன்று இடங்களில் இருந்தது, மூன்றிலும் அழித்தேன். மண்டபத்துக்கு இனி பழைய கேமராதான். கண்ணாடியை மாலை நடையில் பாட்டுக் கேட்கப் போட்டுக்கொள்கிறேன். பாட்டு நன்றாகவே கேட்கிறது. ₹29,900-க்கு ஒரு ரேடியோ.