ஐஐடி, அண்ணா யுனிவர்சிட்டி, அசோகா, அமெரிக்கா: காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு எது கைகொடுக்கும்?

வடசென்னைல காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் நல்லா படிக்கிற பிள்ளைங்க வீட்ல ரெண்டுல ஒண்ணு நடக்குது. பெரிய காலேஜ்னா நமக்கு கட்டுப்படியாகாதுன்னு ஆரம்பத்துலயே ஒதுங்கிடறாங்க, இல்லன்னா ஸ்காலர்ஷிப் இருக்குன்னு யாரோ சொன்னத நம்பி இறங்கி ஜூன் மாசம் வட்டிக்கு அலையறாங்க. எவ்ளோ சலுகைன்னு மட்டும் பாக்காதீங்க, சலுகை போக மிச்சத்த யாரு கட்றாங்க, எப்ப கட்டணும், அதப் பாருங்க. எங்க நிலைமைக்கு அதுதான் கணக்கு.

முதல்ல அண்ணா யுனிவர்சிட்டி. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, 2020ல மெடிக்கலுக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங்குக்கும் வந்துச்சு. கார்ப்பரேஷன் ஸ்கூலும் இதுல சேரும். டியூஷன், ஹாஸ்டல், கவுன்சிலிங் ஃபீஸ் எல்லாமே கவர்மென்ட் கட்டுது, வீட்ல இருந்து காசு எடுத்து நீட்ட வேண்டியதே இல்ல. அதுக்கு மேல மாசம் 1000 ரூபா, பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன். புதுமைப் பெண் திட்டத்த 2022 செப்டம்பர்ல தொடங்கினதே நம்ம பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிலதான். ஹாஸ்டல் வேணாம்னா தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறினா நேரா கிண்டி, வீட்ல இருந்தே போயிட்டு வரலாம். என்னைக் கேட்டா அண்ணா யுனிவர்சிட்டியோட கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல நல்ல பிராஞ்ச் கிடைக்கிற மார்க் இருந்து இந்தக் கோட்டாவும் இருந்தா வேற எதையும் யோசிக்கவே வேணாம்.

ஆனா இங்க ஒரு வலி இருக்கு. நம்ம ஏரியால ஏகப்பட்ட பிள்ளைங்க படிக்கிறது எய்டட் ஸ்கூல்ல, அதாவது கவர்மென்ட் உதவி வாங்குற தனியார் ஸ்கூல்ல. வீட்டு நிலைமை ஒண்ணுதான், ஒரே சந்துல ஒரே குழாய்ல தண்ணி பிடிக்கிறவங்கதான், ஆனா எய்டட் ஸ்கூல் பிள்ளைக்கு 7.5 கிடையாது. அவங்களுக்கு முதல் பட்டதாரி சலுகை உண்டு, டியூஷன்ல குறையும், அதுவும் ஒரு வீட்ல ஒரு பிள்ளைக்குத்தான், அண்ணனோ அக்காவோ ஏற்கனவே வாங்கிட்டா இல்ல. எஸ்.சி. பிள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கு, வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருக்கணும். அந்த 7.5 ஒதுக்கீட்ட எய்டட் ஸ்கூலுக்கும் நீட்டணும்னு நான் திரும்பத் திரும்ப சொல்லிட்டே இருக்கேன்.

அடுத்து ஐஐடி. பி.டெக் டியூஷன் வருஷத்துக்கு 2 லட்சம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்கு டியூஷன் முழுசா இல்ல. மத்தவங்களுக்கு குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள்ளன்னா முழுத் தள்ளுபடி, 1ல இருந்து 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி. கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா வருஷம் 3 லட்சம் சம்பாதிக்கிற ஒரு ஆட்டோ டிரைவர் வீட்ட எடுத்துக்குங்க, தள்ளுபடி போக டியூஷனே கிட்டத்தட்ட 67 ஆயிரம் நிக்குது, அதுக்கு மேல ஹாஸ்டல், மெஸ், லேப்டாப். கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளையா இருந்தா, ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் மாதிரி இடத்துல சேர்ந்தா மொத்தச் செலவையும் ஸ்டேட் கவர்மென்ட்டே ஏத்துக்கும்னு 2022 பட்ஜெட்ல அறிவிச்சாங்க, அத விட்றாதீங்க. எய்டட் பிள்ளைன்னா 2024ல வந்த பிஎம் வித்யாலட்சுமி லோன், ஜாமீன் சொத்து கேக்க மாட்டாங்க, ஆனா கடன் கடன்தான்.

இதுல நேரம்தான் பெரிய சிக்கல். ஐஐடி கவுன்சிலிங் ஜூன்ல, சீட் வந்த சில நாள்லயே உறுதி பண்ற பணம் ஆன்லைன்ல கட்டியாகணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், போட் கரைல நிக்குது, காசிமேட்டு வீட்ல ரெண்டு மாசமா மீன் வித்ததுல வர்ற பங்குப் பணமே வந்திருக்காது. அந்தத் தொகை பின்னாடி ஃபீஸ்ல கழியும்தான், ஆனா அன்னிக்கு அக்கவுன்ட்ல இருக்கணுமே.

அசோகா ஹரியானா சோனிபட்ல இருக்கிற தனியார் யுனிவர்சிட்டி, ஹாஸ்டலோட வருஷம் 10 லட்சத்துக்கு மேல. குடும்ப நிலைமைய பாத்து எய்டு குடுக்கறாங்க, ஹாஸ்டல் வரைக்கும் முழுசா கிடைச்சவங்களும் இருக்காங்க. எகனாமிக்ஸ், ஹிஸ்டரி மாதிரி படிக்கணும்னா நல்ல இடம். எய்டு லெட்டர் வந்தா டியூஷன் மட்டுமா, ரூம் சாப்பாடும் சேத்தான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிங்க.

அமெரிக்காவ நம்ம ஊர்ல யாரும் கணக்குலயே சேக்கறதில்ல, அது தப்பு. ஹார்வர்ட், எம்ஐடி, யேல், பிரின்ஸ்டன்ல வெளிநாட்டுப் பிள்ளைக்கும் காசு இருக்கா இல்லையான்னு பாக்காமதான் சீட் முடிவு பண்றாங்க, சீட் குடுத்துட்டா வீட்டால முடியாத தொகை மொத்தத்தையும் அவங்களே ஏத்துக்கறாங்க. ஹார்வர்ட்ல 2025ல இருந்து வருஷ வருமானம் 1 லட்சம் டாலருக்குள்ளன்னா டியூஷன், ரூம், சாப்பாடு எல்லாமே ஃப்ரீ, நம்ம வடசென்னைல அந்த வரம்ப தாண்டற வீடு எத்தனை இருக்கும்? ஸ்டான்ஃபோர்ட் மாதிரி இடத்துல வெளிநாட்டுப் பிள்ளை எய்டு கேட்டா சீட் முடிவுலயே அதையும் பாப்பாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சு அப்ளை பண்ணுங்க. சீட் கிடைக்கிறதே ரொம்ப அபூர்வம், அதுல ஒளிவு மறைவு இல்ல. எஸ்ஏடிங்கிற நுழைவுத் தேர்வு, அப்ளிகேஷனுக்கு எழுதுற கட்டுரை எல்லாம் பிளஸ் ஒன்லயே தொடங்கணும், அப்ளிகேஷன் கெடு பெரும்பாலும் ஜனவரி ஆரம்பத்துல முடிஞ்சிடும். அப்ளிகேஷன் ஃபீஸ தள்ளுபடி பண்ணச் சொல்லி கேக்கலாம், கேக்க தயங்காதீங்க.

எந்த வழி போனாலும் வருமானச் சான்று வேணும். போட்ல பங்குக்குப் போறவருக்கும் வீட்டு வேலை செய்ற அம்மாவுக்கும் சம்பள ஸ்லிப் கிடையாது, அதனால வருஷத்துக்கு இவ்ளோன்னு நிஜமான கணக்கச் சொல்லி இ-சேவைல போடுங்க. மாச வருமானத்த வருஷக் கட்டத்துல எழுதிட்டா பின்னாடி திருத்த அலையணும். ரிசல்ட் வந்தப்புறம் கூட்டம் அள்ளும், ஏப்ரல்லயே வாங்கி வச்சிடுங்க. அப்ப முதல் பட்டதாரி சான்றும் சேத்தே போட்டுடுங்க.