ரசீதில் 1000 மில்லிகிராம், உடம்பில் ஏறியது 200

சென்ற ஆடி மாதம், பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் அக்காவை இரும்புச்சத்து ஊசிக்காக அருகிலுள்ள நகரத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். 1000 மில்லிகிராம் மருந்துக்குப் பணம் கட்டி, 200 மில்லிகிராம் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறோம் என்பது தெரியவர ஐந்து வாரம் ஆயிற்று.

குறுவை நடவில் நாள் முழுவதும் குனிந்து நிற்பதால் வந்த அசதி என்றே முதலில் நினைத்தோம். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை அக்கா பிடிபிடியாக அள்ளி மென்றபோது அம்மா திட்டினாரே தவிர, அது இரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம் என்று வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது; பெண்களுக்கு அது 12க்குக் கீழே போனாலே சோகைதான். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டியதால் ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை அவர் எழுதவுமில்லை, மாதவிலக்கில் எவ்வளவு உதிரம் போகிறது என்று கேட்கவுமில்லை.

“ஒரே பாட்டில், 1000 மில்லிகிராம், அதோட முடிஞ்சுது” என்றார்கள். ரசீதில் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்புச்சத்து மருந்து, 500 மில்லிகிராம் குப்பி இரண்டு என்று அச்சாகியிருந்தது. உள்ளே செவிலியர் 100 மில்லி சலைன் பாட்டிலில் கடுங்காப்பி நிறத்தில் எதையோ கலந்து ஏற்றத் தொடங்கினார். சற்று நேரத்தில் ஊசி குத்திய இடம் எரிகிறது என்று அக்கா சொன்னதற்கு, “அப்படித்தாங்க்கா இருக்கும்” என்று பதில் வந்தது. மருந்து நரம்பை விட்டுத் தோலுக்கடியில் கசிந்தால் நிறம் மாறி மாதக்கணக்கில் போகாது என்பதும், எரிச்சல் என்றவுடனே டிரிப்பை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வாமை ஏதேனும் வருகிறதா என்று முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்க வைத்துப் பார்க்க வேண்டுமாம். எங்களை ஐந்தாவது நிமிடத்தில் எழுப்பி விட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து ஹீமோகுளோபின் 8.2. தஞ்சை அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் ரசீதைப் பார்த்து, 1000 மில்லிகிராம் ஏறியிருந்தால் இதைவிட நன்றாக உயர்ந்திருக்க வேண்டுமே என்று சந்தேகப்பட்டார். சிங்கப்பூரிலுள்ள அத்தானுக்கு அனுப்புவதற்காக, டிரிப் ஏறும்போது அக்காவை நான் எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கட்டிலருகே தட்டில் கழுத்து உடைத்த இரண்டு சிறு கண்ணாடி ஆம்பூல்கள் தெரிந்தன. ஒன்றின் மேல் அயர்ன் சுக்ரோஸ், 5 மில்லி, 100 மில்லிகிராம் என்று தெளிவாகவே படிக்க முடிந்தது. ரசீதில் இருந்ததல்ல, வேறொரு இரும்புச்சத்து மருந்து. அதுவும் நல்ல மருந்துதான், ஆனால் ஒரு தடவைக்கு வழக்கமாக 200 மில்லிகிராம் வரைதான் கொடுப்பார்கள், விலையும் மிகக் குறைவு. அக்காவின் எடை 52 கிலோ. ஹீமோகுளோபின் 15 என்ற இலக்குக்கும் 7.8க்கும் உள்ள வித்தியாசத்தை எடையாலும் 2.4ஆலும் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டினால், தேவை ஏறக்குறைய 1400 மில்லிகிராம் என்று அந்த அம்மையார் சீட்டின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மீதி 1200ஐ ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆறு தடவையாக அங்கேயே இலவசமாக ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பதும் தெரிந்தது. உதிரப்போக்குக்குக் காரணம் அதுதான்.

ஆகவே, ஊசிக்குச் செல்பவர்கள் குப்பியை உடைக்கும் முன்பே அதைக் கையில் வாங்கி, மருந்தின் பெயர், மில்லிகிராம், பேட்ச் எண் மூன்றையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வார்களே என்று கூச்சப்பட வேண்டாம். நான் கூச்சப்பட்டுத்தான் கேட்காமல் இருந்துவிட்டேன்.

படத்துடன் அந்த மருத்துவமனைக்குத் திரும்பிப் போனபோது, “ரெண்டுமே அயர்ன்தானே சார், ஏன் பெருசு பண்றீங்க?” என்றார் பில் போடுபவர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம் என்பதால் மனு எழுதியிருக்கிறோம். அக்காவின் முழங்கை மடிப்பில் தேநீர்க் கறை போன்ற திட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் படமெடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம்.