பிட்சன்பர்கர் ஜிக்: மர அம்புக்கு இறகு ஒட்ட இவ்வளவு செலவு தேவையா?

ஜிக் என்பது இறகு ஒட்டும்போது அம்பையும் இறகையும் சரியான இடத்தில் பிடித்து நிறுத்தும் கருவி. வீட்டில் மர அம்பு செய்பவர்களின் மேசைக்குக் கடைசியாக வந்து சேருவது பெரும்பாலும் இந்தப் பிட்சன்பர்கர் ஜிக்தான். விலை அப்படி. சாதாரண பிளாஸ்டிக் ஜிக் இரண்டு மூன்று வாங்கும் காசு இது ஒன்றுக்கே போய்விடும். புது அம்பு ஒரு டஜன் செய்தால் போதும் என்பவருக்கு இது வேண்டாம். இறகு பிய்ந்த பழைய அம்புகளை அடிக்கடி சரிசெய்கிறவர் யோசிக்காமல் வாங்கலாம்.

உலோக உடல், கனமானது, மேசையில் நகராது. அம்பின் ‘நாக்’கை (பின்முனையில் ஒட்டும், வில்நாண் பொருந்தும் பிளவுள்ள துண்டு; பழந்தமிழில் குதை) கீழே உள்ள பிடிப்பானில் செருகி நிறுத்த வேண்டும். கிளாம்பில் இறகைக் கவ்வி, பசை தடவி உடலோடு சேர்த்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். பசை காய்ந்ததும் குமிழைத் திருகினால் 120 பாகை தள்ளி அடுத்த இறகுக்கான இடத்தில் ‘டக்’ என்று நிற்கும். மேலும் கீழும் உள்ள திருகுகள் இறகின் சாய்வை மாற்றும்.

கிளாம்பில் மூன்று வகை: நேர், வல முறுக்கு, இட முறுக்கு. வான்கோழியின் வலச் சிறகு இறகுக்கு வல முறுக்கு, இடச் சிறகுக்கு இட முறுக்கு. இரண்டையும் ஒரே அம்பில் கலக்கவே கூடாது. ஒன்று சுழற்றப் பார்க்கும், மற்றது அதைத் தடுக்கும். எந்தச் சிறகு இறகு எளிதாகக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளாம்பை வாங்குங்கள். பின்னால் இன்னொரு கிளாம்பு வாங்கினால் அது தனிச் செலவு.

ஒரு நேரத்தில் ஒரு இறகுதான் ஒட்டும். இதுதான் பெரிய குறை. சாதாரண ஃபிளெச்சிங் (இறகு ஒட்டும்) பசைக்கு 15 நிமிடம் என்று வைத்தால், 12 அம்புக்கு 36 இறகு, மொத்தம் 9 மணி நேரம். அவசரப்பட்டு 5 நிமிடத்தில் கிளாம்பை எடுத்தால் இறகின் முன்முனை மெல்லத் தூக்கிக்கொள்ளும். அதை அன்று கவனிக்க மாட்டோம். அம்பைக் கைமேல் வைத்து எய்பவருக்கு அந்த முனை ஒரு நாள் தோலில் ஏறும். அதனால் எந்த ஜிக்கில் ஒட்டினாலும் முன்முனையில் ஒரு சொட்டுப் பசை வையுங்கள், அல்லது நூல் சுற்றுங்கள்.

பசை போடும் முன் வெறும் இறகோடு கிளாம்பை இறக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இறகின் அடித்தண்டு முழு நீளமும் மரத்தைத் தொட வேண்டும். நடுவில் தொட்டு இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிந்தால் முறுக்கு அதிகம். மேல்திருகைக் கொஞ்சம் பின்வாங்குங்கள். 11/32 அங்குலக் குறுக்களவுள்ள தண்டுக்குச் சரியாக வைத்தது 5/16 தண்டுக்குச் சரியாக இருக்காது. தண்டு மாறினால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

ஜிக் எதையும் நாக்கை வைத்துத்தான் அளக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நாக் கோணலாக ஒட்டியிருந்தால் மூன்று இறகும் துல்லியமாகக் கோணலாக நிற்கும்! தண்டின் நாக் முனையை 11 பாகைக் கூம்பாகச் சீவும்போதே சுத்தமாகச் சீவ வேண்டும். நாக்கின் பிளவு, தண்டின் முனையில் தெரியும் ஆண்டு வளையக் கோடுகளுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அப்போதுதான் மரத்தின் விறைப்பான பக்கம் வில்லைப் பார்க்கும். ஒட்டியதும் கண்ணாடிப் பலகை மேல் அம்பை உருட்டுங்கள். நாக் தள்ளாடினால் பசை இறுகுமுன் திருத்திவிடலாம்.

இதன் அருமை பழுதுபார்க்கும்போதுதான் தெரியும். இலக்கின் வைக்கோலில் புகுந்து ஒரு இறகு மட்டும் மொட்டையாகிவிட்டது, மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. மூன்றையும் உரிக்கத் தேவையில்லை. மழுங்கிய கத்தியால் அந்த ஒன்றை மட்டும் நாக் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தள்ளி எடுங்கள். கூரான கத்தி மரத்தைப் பிடித்து இழுத்துவிடும். மிஞ்சிய பசையைக் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, 220 எண் உப்புத்தாள் லேசாக ஓட்டுங்கள். அம்பை ஜிக்கில் செருகி, வெறும் கிளாம்பைத் திறந்தபடி நல்ல இறகு ஒன்றின் மேல் இறக்குங்கள். இறகை எந்தப் பக்கமும் தள்ளாமல் அது தாடைக்குள் போய் உட்கார்ந்தால் பழைய சாய்வு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். குமிழைத் திருகி காலி இடத்துக்கு வந்து புது இறகை ஒட்டலாம். தள்ளினால், அம்பை 180 பாகை திருப்பிச் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு திருகுகளைத் தொடலாம். பல பிளாஸ்டிக் ஜிக்குகளில் இப்படிச் சரிக்கட்டத் திருகே கிடையாது.

முன்முனையில் ஒடிந்த அம்புக்கு இந்த ஜிக்கால் பயனில்லை. ஒடிந்ததை வெட்டி 5 பாகையில் மறுபடி சீவிக் கூர்முனை மாட்டலாம்தான். ஆனால் ஒரு அங்குலம் குறைந்தாலே தண்டு சுமார் 5 பவுண்டு கூடுதல் இழுவிசையுள்ள வில்லுக்கான தண்டுபோல விறைப்பாக நடந்துகொள்ளும். பழைய கூட்டத்தோடு அது சேராது, தனியாக வையுங்கள்.

பூச்சு விஷயத்தில் எச்சரிக்கை. சில பசையின் கரைப்பான் தண்டின் லாக்கரை இளக்கிவிடும், எண்ணெய்ப் பூச்சின் மேல் பசை சரியாகப் பிடிக்காது. வெட்டி எறிந்த துண்டில் ஒரு பழைய இறகை ஒட்டி, மறுநாள் பிய்த்துப் பாருங்கள். இறகின் அடித்தண்டே கிழிந்து வந்தால் ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. பூச்சோடு உரிந்து வந்தால் அந்தச் சோடி ஆகாது.

கிளாம்பின் விளிம்பில் பசை மணி ஒன்று காய்ந்திருந்தாலும் அடுத்த இறகு உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு அம்பு முடிந்ததும் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, விளிம்பில் மட்டும் கொஞ்சம் மெழுகு தேயுங்கள். மெழுகு இறகின் அடியில் பட்டால் அந்த இறகு ஒட்டாது.