கூரை பறக்கவில்லை, தட்டுதான் வெளியே வரவில்லை

நான் வாங்கிய அதே மரக் கோழிக்கூடு இப்போது இணையத்தில் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்திருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் தரைவீட்டுக்குக் குடிபோன நண்பர் படத்தை அனுப்பி, "அண்ணே, நீங்கதான் வச்சிருக்கீங்களே, மழைக்குத் தாங்குமா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் தச்சருக்குக் காசு எண்ணிக் கொடுத்திருந்தேன்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு இது அசையாது. 2024 செப்டம்பர் 17 மாலை அடித்த சுமத்ரா சூறைக்காற்று ஞாபகம் இருக்கும். மணிக்கு 83 கிலோமீட்டர் வேகம், தீவு முழுக்க முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன. சிராங்கூன் கார்டன்சில் எங்கள் பக்கத்து வீட்டுக் கூரைத் தகடு ஒன்று பிய்ந்து எங்கள் மதிலில் வந்து விழுந்தது. கூடு நின்ற இடத்திலேயே நின்றது. நான்கு காலையும் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கத் துளையோடு இரும்புப் பட்டை கொடுத்திருக்கிறார்கள். கூரையும் ஒரு முழம் வெளியே நீண்டிருப்பதால் சாரல் உள்ளே போவதில்லை.

இது பனி கொட்டும் ஊர்களுக்காகச் செய்த கூடு. கூரைப் பலகைகளுக்கு நடுவே நுரை அட்டை வைத்திருக்கிறார்கள். நமக்கு எதற்குக் குளிர்காப்பு? சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் 19 டிகிரிதான். கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி, மேலே இறகுப் போர்வை. கோழிக்கு அதெல்லாம் குளிரே இல்லை. ஆனால் மத்தியான வெயிலில் அந்த நுரை அட்டைதான் காப்பாற்றுகிறது. முன்பு தகரக் கூரைக்குக் கீழே வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்த கோழிகள் இப்போது நிம்மதியாக முட்டையிடுகின்றன. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம் அந்தத் தட்டு.

கோழிகள் இரவில் உட்காரும் கட்டைக்குக் கீழே எச்சம் விழ ஓர் இழுவைத் தட்டு. தட்டு நல்ல தகரம், அது ஓடும் பள்ளம் மட்டும் மரம். வெயில் காலத்தில் இரண்டு விரலால் இழுக்கலாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரம் ஊதி, தட்டைக் கவ்விக்கொள்ளும். 2025 பொங்கலுக்கு முந்திய அந்த அடைமழை, இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர், ஜனவரி மாதச் சராசரியையே தாண்டிய மழை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு காலை உதைத்து இழுத்தேன். ஒரு மூலை மட்டும் கிளம்பி, ஈர மரத்தூளும் எச்சமும் கலந்த குழம்பு அப்படியே என் செருப்பில் கொட்டியது. மீதியை உள்ளேயே விட்டால் அம்மோனியா. கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு விட்டுப் பாருங்கள், கண் எரியும். இரத்தக்கழிச்சல் என்கிற கோழி நோய் பரவுவதும் இப்படி ஈரம் காயாத படுக்கையில்தான்.

எரிச்சல் எதில் என்றால், பனி நாட்டிலும் கோழிக்கு எமன் குளிரைவிட ஈரம்தான். மூச்சிலும் எச்சத்திலும் வரும் ஈரம் தேங்கினால் கொண்டை உறைந்து கருகிவிடும். அதற்காகத்தான் கூரையை ஒட்டி, கோழியின் தலைக்கு மேலே, காற்றுத் துளைகள் வைக்கிறார்கள். இந்தக் கூட்டிலும் அழகாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு யோசித்த மனிதருக்கு, ஈரத்தை வெளியே எடுக்கும் தட்டு ஈரத்தில் ஓட வேண்டும் என்று தோன்றவில்லை!

தச்சர் மரப் பள்ளத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு அலுமினியப் பட்டை அடித்தார். இப்போது மழையிலும் ஓடுகிறது. தாழ்ப்பாள் துரு, வண்ணம் உரிவது எல்லாம் இந்த ஊரில் எதற்கும் உண்டு. கம்பி வலை அரை அங்குலக் கட்டம், பற்றவைத்தது. மலைப்பாம்பு நடமாடும் ஊரில் மெல்லிய அறுகோண வலையை நம்ப முடியாது.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். வீட்டுத் தேவைக்குப் பத்துக் கோழிவரை வளர்க்க அனுமதி இருக்கிறது என்பதற்காக இதில் பத்தையும் அடைக்கவும் முடியாது, நாலுக்கு மேல் நெருக்கடி. மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் தச்சர் கூலியையும் விலையோடு சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். நவம்பருக்குள் அவரை வரச்சொல்லுங்கள், டிசம்பரில் அவர் கிடைக்கமாட்டார்.